சண்டை மீனுக்குத் துணை யார்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதி மாணவர்களுக்குக் கொளத்தூர் புதிய ஊர் அன்று. வண்ண மீன் வாங்க வேண்டும் என்றால் பெரும்பாலோர் அங்கேதான் செல்வார்கள். அங்குள்ள கடைகளில் பெரிய கண்ணாடித் தொட்டிகளில் கோல்டு ஃபிஷ்ஷும் ஏஞ்சலும் மோலியும் கூட்டம் கூட்டமாக நீந்திக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு மீன் மட்டும் கூட்டத்தில் இராது. அதைச் சிறு பிளாஸ்டிக் கிண்ணங்களிலும் புட்டிகளிலும், கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டு வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். கருநீலம், சிவப்பு, வெள்ளை எனப் பல நிறங்கள். விசிறிபோல் விரியும் துடுப்புகள். கடைக்காரர் அதை 'ஃபைட்டர்' என்பார். நூல்களில் அதற்குச் சயாமியச் சண்டை மீன் என்று பெயர்.

ஃபைட்டரை வாங்கி வந்த சில நாள்களில் பலருக்கும் ஓர் எண்ணம் தோன்றும். 'பாவம், தனியாக இருக்கிறதே! துணைக்கு நாலு மீன் வாங்கி விடலாமே!' என்பதே அது. எண்ணம் நல்லதுதான். ஆனால் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த நான்கை வாங்கித் தொட்டியில் விட்டால், மறுநாள் காலையில் துடுப்பு கிழிந்த மீனையோ, நீரின்மேல் மிதக்கும் மீனையோ காண நேரிடலாம். சேர்த்து வைத்த காசு போவது ஒருபுறம் இருக்கட்டும். உயிர் போனால் திரும்பாது அல்லவா?

எந்த மீனை எதனோடு சேர்க்கலாம் என்பதை அதிர்ஷ்டத்துக்கு விட வேண்டியதில்லை. ஒரு மீனின் உடலமைப்பையும் அது பிறந்து வளர்ந்த இடத்தையும் அறிந்தால், விடையின் பெரும்பகுதி கிடைத்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

வயல் நீரில் வாழ்ந்த மீன்

சண்டை மீனின் தாயகம் தாய்லாந்து. அந்நாட்டின் பழைய பெயர் சயாம். அங்கே சாவோ பிரயா ஆற்றுச் சமவெளியில் உள்ள நெல்வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் ஆழமற்ற ஓடைகளிலும் இது வாழ்கிறது. தாய் மொழியில் இதன் பெயருக்குக் 'கடிக்கும் மீன்' என்று பொருள். இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய சார்லஸ் டேட் ரீகன் என்பவர் 1910-ஆம் ஆண்டில் இதற்குப் 'பெட்டா ஸ்பிளென்டென்ஸ்' என்ற அறிவியல் பெயரைச் சூட்டினார். 2019-ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது.

இயற்கையில் வாழும் ஃபைட்டருக்கு, கடையில் நாம் காணும் நீண்ட துடுப்புகள் கிடையா. நிறமும் மங்கல்தான். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் நிறமும் துடுப்பும் பெருகின. சண்டைக்காகவும் இதை வளர்த்தார்கள். ஆகவே சண்டைக் குணமும் மிகுந்தது. இம்மீனின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்தவர்கள், குறைந்தது 1,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் இதை வளர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டில் தெரிவித்தனர்.

ஏன் சண்டை போடுகிறது?

ஃபைட்டருக்குக் கெட்ட புத்தி இருப்பதால் அது சண்டை போடுகிறது என்று எண்ணாதீர்கள். அது தன் வீட்டைக் காக்கிறது, அவ்வளவுதான்.

ஆண் மீன் வாயால் காற்றை உறிஞ்சி, உமிழ்நீர் பூசிய குமிழிகளாக நீர்ப்பரப்பில் விடும். குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டி நுரைக்கூடு ஆகும். பெண் மீன் முட்டையிட்டதும், கீழே விழும் முட்டைகளை ஆண் மீன் வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். பிறகு பெண் மீனையே விரட்டிவிட்டு, முட்டைகளையும் குஞ்சுகளையும் தானே காவல் காக்கும். முட்டைகளைத் தின்ன வருபவை பல. ஆகவே தன் கூட்டைச் சுற்றியுள்ள நீரில் வேறோர் ஆண் மீன் நுழைவதை அது பொறுப்பதில்லை. கூடு கட்டாத வேளையிலும் இந்த எல்லைக் காவல் தொடர்கிறது.

எதிரியைக் கண்டதும் ஆண் மீன் துடுப்புகளை எல்லாம் விரிக்கும். செவுள் மூடிகளைப் புடைத்துக் காட்டும். 'நான் பெரியவன், விலகிப் போ' என்பதே இதன் பொருள். வயலில் என்றால் தோற்ற மீன் நாலு முழம் தள்ளி ஓடிவிடும். சண்டை அத்துடன் முடிந்தது. கண்ணாடித் தொட்டியில் ஓடுவதற்கு இடம் ஏது? ஓட முடியாத எதிரி இன்னும் எதிரியாகவே கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் தொட்டிச் சண்டை காயத்திலும் சாவிலும் முடிகிறது.

சண்டை மீன் எதை எதிரி என்று கொள்கிறது? முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டியின் பக்கத்தில் வைத்தால், தன் உருவத்தையே எதிரி என்று எண்ணிச் செவுளைப் புடைக்கிறது. ஆகவே அதற்கு வேண்டியது நீண்ட துடுப்பு, பளிச்சிடும் நிறம், தன்னைப் போன்ற உடல்வாகு ஆகிய அடையாளங்களே. இவற்றைக் கொண்ட மீன் வேறு இனமாக இருந்தாலும் வம்புதான். துணை தேடும்போது நாம் முதலில் நினைவில் கொள்ள வேண்டிய உண்மை இது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1998-ஆம் ஆண்டில் ஒலிவெய்ரா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு ஆண் மீன்கள் போரிடுவதை மூன்றாவது ஆண் மீன் கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி செய்தார்கள். பிறகு அந்த மூன்றாவது மீனை அவற்றுடன் எதிர்ப்படச் செய்தார்கள். தன் கண்ணால் கண்ட சண்டையில் வென்ற மீனை நெருங்க அது தயங்கியது. தோற்ற மீனிடம் அவ்வளவு தயக்கம் காட்டவில்லை. அதாவது, ஃபைட்டர் பார்க்கிறது. பார்த்ததை வைத்துத் தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது. பக்கத்துப் பக்கத்துப் புட்டிகளில் இரண்டு ஃபைட்டர்களை வைத்தால் இடையில் ஓர் அட்டையைச் செருகுவது ஏன் நல்லது என்பது இப்போது புரிகிறதா? நாள் முழுவதும் எதிரியைப் பார்த்துக்கொண்டிருப்பது மீனைக் களைக்கச் செய்யும்.

காற்றை விழுங்கும் உறவினர்கள்

ஃபைட்டரைச் சிறிது நேரம் கவனியுங்கள். அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிச் செல்லும். அதன் செவுள்களுக்கு மேலே உள்ள அறையில், மடிப்பு மடிப்பான மெல்லிய எலும்புத் தகடுகள் உண்டு. அவற்றைப் போர்த்திய தோலில் இரத்த நாளங்கள் நிறைந்துள்ளன. விழுங்கிய காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே இரத்தத்தில் கலக்கிறது. வழி தெரியாத சுற்றுப்பாதை போல் மடிந்திருப்பதால் இதற்கு 'லாபிரிந்த் உறுப்பு' என்று பெயர்.

இந்த உறுப்பு பெற்ற மீன்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. பனையேறிக் கெண்டையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1791-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில், டேனிஷ்காரரான டால்டார்ஃப் என்பவர் ஒரு பனைமரத்தின் பட்டையில், நீர் மட்டத்துக்கு மேலே அம்மீனைக் கண்டதாக எழுதினார். இன்னொரு மீன் அளவில் சிறியது. விரல் நீளம்தான் இருக்கும். 1831-ஆம் ஆண்டில் புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து கிடைத்த மீனைக்கொண்டு பிரெஞ்சு அறிவியலார் அதை விவரித்தார்கள். ஆற்றின் பெயரால் அதற்குக் 'குப்பானஸ்' என்ற பெயர் அமைந்தது. நம் ஊர் வாய்க்கால்களிலும் வயல்களிலும் வாழும் இந்த மீனும் நுரைக்கூடு கட்டும்; இதுவும் ஃபைட்டரின் உறவினர்தான்.

உறவினர் என்பதால் நல்ல துணையாகுமா? ஆகாது! ஒரே பழக்கமுடைய இரண்டு மீன்களுக்கு ஒரே நீர்ப்பரப்பு வேண்டும், ஒரே மூலை வேண்டும். கடையில் விற்கும் குராமிகளும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே குராமியையும் ஃபைட்டரையும் ஒரே சிறு தொட்டியில் விடக்கூடாது. பனையேறிக் கெண்டையோ முரடன். சிறு மீன்களைத் தின்றுவிடும்.

கிண்ணத்தில் பிழைப்பது எதைக் காட்டுகிறது?

'ஃபைட்டர் சின்னக் கிண்ணத்திலேயே உயிரோடு இருக்கிறதே! அப்படியானால் அந்தத் தொட்டித் தண்ணீர் நல்ல தண்ணீர்தானே?' என்று சிலர் கேட்பார்கள். இங்கேதான் பெரிய தவறு நேர்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். நீர் 30 டிகிரிக்குச் சூடானால் 7.5 மில்லிகிராம் மட்டுமே கரையும். ஆனால் ஒரு லிட்டர் காற்றிலோ ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. நீரில் இருப்பதைப்போல் இது 36 மடங்கு! ஃபைட்டர் இந்தக் காற்றுப் பெட்டகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. கப்பிக்கும் டெட்ராவுக்கும் அந்த வசதி இல்லை. அவை நீரில் கரைந்ததைச் செவுளால் வடித்தெடுத்துத்தான் வாழ வேண்டும்.

சென்னையின் மே மாத வெயிலில் தொட்டி நீர் எளிதில் 30 டிகிரியைத் தாண்டும். அன்றிரவு மின்சாரம் போய், ஏர் மோட்டார் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரவில் நீர்ச்செடிகளும் ஆக்சிஜனை உட்கொள்ளுமே ஒழிய வெளிவிடா. விடியும் வேளையில் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். ஃபைட்டர் வழக்கம்போல் மேலே வந்து காற்றை விழுங்கும். துணை மீன்களோ வாயைப் பிளந்து நீர்ப்பரப்பில் தத்தளிக்கும். ஆகவே, ஃபைட்டர் பிழைத்திருப்பது தொட்டி நலமாக இருப்பதற்குச் சான்று ஆகாது. துணைக்கு வரும் மீனின் தேவையைக்கொண்டே தொட்டியை அளக்க வேண்டும்.

நான்கு கேள்விகள்

இதுவரை கண்டவற்றைக்கொண்டு, எந்த மீனையும் வாங்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. தோற்றம்: இம்மீனுக்கு நீண்ட துடுப்போ, விரிந்த வாலோ, பளபளக்கும் நிறமோ உண்டா? உண்டு என்றால் ஃபைட்டர் அதை எதிரி என்று எண்ணக்கூடும்.

2. பழக்கம்: இம்மீன் பிற மீன்களின் துடுப்பைக் கொத்துமா? கொத்தும் என்றால், தோரணம்போல் தொங்கும் ஃபைட்டரின் துடுப்பு அதற்கு நல்ல இலக்கு. சண்டைக்குப் பெயர் பெற்ற மீனே இங்கே அடிபடும்.

3. தண்ணீர்: ஃபைட்டருக்கு ஏற்றது 24 முதல் 28 டிகிரி வரையிலான வெப்பமும், வேகமான நீரோட்டம் இல்லாத நிலையும். இம்மீனுக்கும் அதுவே ஏற்றதா?

4. இடமும் அளவும்: ஃபைட்டர் பெரும்பாலும் மேல்மட்ட நீரில் இருக்கும். இம்மீன் எந்த மட்டத்தில் வாழும்? வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும்? ஃபைட்டரின் வாய்க்குள் அடங்கும் அளவா, ஃபைட்டரையே விழுங்கும் அளவா?

இந்த நான்கில் ஒன்றில் தோற்றாலும் அந்த மீனை விட்டுவிட வேண்டும். மூன்றில் வென்றதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. தண்ணீர் ஒத்துவராத மீனுக்கு மற்றப் பொருத்தம் எல்லாம் இருந்தும் பயனில்லை.

தேர்வில் தோற்றவை

கடையில் கண்ணில் படும் மீன்களை இக்கேள்விகளால் சோதித்துப் பார்ப்போம்.

இன்னோர் ஆண் ஃபைட்டர்: முதல் கேள்வியிலேயே தோல்வி. பெண் ஃபைட்டரையும் நிரந்தரத் துணையாக விடக்கூடாது. இனப்பெருக்கத்துக்காக அறிந்தவர் மேற்பார்வையில் சேர்த்து, முட்டையிட்டதும் பிரித்துவிடுவார்கள்.

ஆண் கப்பி: விசிறி வாலும் வண்ணமும் உடையது. அதனாலேயே ஃபைட்டரின் கோபத்துக்கு ஆளாகிறது.

டைகர் பார்ப்: துடுப்பைக் கொத்துவதில் பேர்போனது. இரண்டாம் கேள்வியில் தோல்வி.

கொசு மீன்: கொசுப் புழுவைத் தின்பதற்காகக் கிணறுகளில் விடப்படும் கம்பூசியா மீன் இது. அமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1928-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று கிணற்றிலிருந்து பிடித்துவந்து ஃபைட்டருடன் விடாதீர்கள். உருவத்தில் சிறியதானாலும் பிற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும்.

கோல்டு ஃபிஷ்: குளிர்ந்த நீரை விரும்புவது, பெரிதாக வளர்வது, மிகுந்த கழிவை வெளிவிடுவது. மூன்றாம் கேள்வியிலும் நான்காம் கேள்வியிலும் தோல்வி.

ஏஞ்சல்: வளர்ந்தபின் தனக்கென்று எல்லை வகுத்துக்கொண்டு பிற மீன்களை விரட்டும்.

சக்கர் மீன்: 'தொட்டியைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லி விரல் நீளக் குஞ்சை விற்பார்கள். அது ஓரடிக்கு மேல் வளரும். பாசியைத் தின்பது உண்மை. தின்றதைவிடத் தொட்டியை அழுக்காக்குவதும் உண்மை.

நியான் டெட்ரா: நீலமும் சிவப்பும் கலந்த அழகிய சிறு மீன். தென் அமெரிக்காவின் மென்மையான நீரில் வாழ்வது. சற்றுக் குளிர்ந்த நீரையே விரும்புவதால், நம் ஊர்க் கோடையில் அதைக் காப்பாற்றுவது தொடக்கநிலை மாணவர்க்கு எளிதன்று.

தேர்வில் தேறியவை

கோரிடோராஸ்: மீசையுள்ள சிறு கெளுத்தி. தொட்டியின் அடியில் மணலைக் கிளறித் தின்னும். யாருடனும் வம்புக்குப் போகாது. இதனிடம் ஒரு வியப்பு உண்டு. இதுவும் மேலே வந்து காற்றை விழுங்கும். ஆனால் அதை உறிஞ்சுவது லாபிரிந்த் உறுப்பு அன்று, குடல்! கூட்டமாக வாழும் மீன் ஆதலால் ஐந்தாறாவது வேண்டும். கூரிய கற்கள் இதன் மீசையைத் தேய்த்துவிடும். மென்மையான மணல் இட வேண்டும்.

குலி லோச்: பாம்புக்குட்டிபோல் நெளியும் மெல்லிய மீன். பகலில் ஒளிந்திருந்து இரவில் நடமாடும். ஃபைட்டரின் கண்ணில் அதிகம் படாது. துள்ளி வெளியே விழக்கூடும். ஆகவே தொட்டிக்கு மூடி தேவை.

ஹார்லிகுவின் ரஸ்போரா: ஃபைட்டரைப்போலவே தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. துடுப்பு சிறியது, நடுமட்டத்தில் கூட்டமாக நீந்துவது. இதற்கும் ஐந்தாறு கொண்ட கூட்டம் வேண்டும். தனியாக விட்டால் அஞ்சி ஒடுங்கும்.

நத்தை: புதிதாக வளர்ப்போருக்கு இதுவே எளிய துணை. ஓடு இருப்பதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நீண்ட உணர்கொம்புகளை மட்டும் சில ஃபைட்டர்கள் புழு என்று எண்ணிக் கொத்தும். கடையிலிருந்து வாங்கிய நத்தையையே விடுங்கள். ஏரியில் பொறுக்கிய நத்தைகளுடன் ஒட்டுண்ணிகளும் வந்து சேரலாம்.

ஒரு எச்சரிக்கை: மீனுக்கு மீன் குணம் மாறும். ஒரு ஃபைட்டர் ரஸ்போராக் கூட்டத்தைப் பொருட்படுத்தாது. இன்னொன்று நத்தையைக்கூடத் தாக்கும். பட்டியல் வழிகாட்டும், முடிவைச் சொல்ல வேண்டியது உங்கள் தொட்டியில் உள்ள மீன்தான்.

தொட்டியும் தண்ணீரும்

ஃபைட்டர் தனியாக வாழ 15 முதல் 20 லிட்டர் நீர் போதும். துணை சேர்த்தால் 40 லிட்டருக்குக் குறையக்கூடாது. உங்கள் தொட்டியின் கொள்ளளவை நீங்களே கணக்கிடலாம். நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ., நீரின் உயரம் 25 செ.மீ. என்றால், 60 × 30 × 25 = 45,000 கன செ.மீ.; அதாவது 45 லிட்டர். மணலும் கல்லும் அடைக்கும் இடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். நீர் மட்டுமே 45 கிலோ எடை இருக்கும். ஆகவே ஆடாத மேசை வேண்டும்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. நல்ல வேளையாக, மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் வளரும் சில பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட் ஆகவும், நைட்ரைட்டை நைட்ரேட் ஆகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் கேடு குறைந்தது. செடிகளுக்கு உரமும் ஆகும். ஆனால் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் வேண்டும். ஆகவேதான் புதுத் தொட்டியில் ஒரே நாளில் பத்து மீன்களை விட்டால் அவை மடிகின்றன. இதை நோய் என்று எண்ணி மருந்து ஊற்றுவோரும் உண்டு!

குடிநீர்க் குழாயில் வரும் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்த்திருப்பார்கள். அது மீனின் செவுளையும் இந்த நல்ல பாக்டீரியாக்களையும் தாக்கும். நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். அல்லது கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சொன்ன அளவில் சேருங்கள். வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றினால் போதும். தொட்டியை முழுதும் காலி செய்து மணலைக் கழுவினால் பாக்டீரியாக்களும் போய்விடும்.

சேர்க்கும் முறை

முதலில் தொட்டியில் வேலம்பாசி போன்ற செடிகளை அடர்த்தியாக நட்டு, ஒளிந்துகொள்ள மண்சட்டித் துண்டுகளை வையுங்கள். ஒரு மீன் இன்னொன்றின் பார்வையிலிருந்து விலகிச் செல்ல வழி இருக்க வேண்டும். வயலில் தோற்ற மீன் ஓடித் தப்பியது நினைவிருக்கிறதா? அந்த வாய்ப்பைத் தொட்டியிலும் அமைத்துத் தருகிறோம்.

வாங்கி வந்த துணை மீன்களை இரண்டு, மூன்று வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி நோய் இருந்தால் இந்த நாள்களில் தெரிந்துவிடும். பிறகு துணை மீன்களை முதலில் தொட்டியில் விடுங்கள். சில நாள் கழித்து ஃபைட்டரை விடுங்கள். ஃபைட்டர் முன்பே அங்கே குடியிருந்தால், தொட்டி முழுவதும் தன் எல்லை என்று அது கொண்டிருக்கும். அப்படியானால் அதைச் சிறிது நேரம் வெளியே எடுத்து, செடிகளையும் கற்களையும் இடம் மாற்றியபின் எல்லா மீன்களையும் விடுங்கள்.

முதல் நாள் அரை மணி நேரம் விடாமல் கவனியுங்கள். ஓரிரு முறை செவுளைப் புடைத்துவிட்டுப் போய்விட்டால் கவலை இல்லை. விடாமல் துரத்துவது, துடுப்பு கிழிவது, ஒரு மீன் மூலையில் ஒடுங்கி நிறம் மங்கித் தீனி எடுக்காமல் இருப்பது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே பிரித்துவிடுங்கள். பிரிப்பதற்கு வேறொரு பாத்திரமும் பதப்படுத்திய நீரும் தயாராக இல்லை என்றால், துணை மீன் வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

மின்சாரம் போனால், ஒரு டம்ளரால் தொட்டி நீரையே மொண்டு சற்று உயரத்திலிருந்து மெல்ல ஊற்றுங்கள். நீரில் காற்றுக் கலக்கும். கால் மணிக்கு ஒரு முறை செய்தால், செவுளை மட்டும் நம்பி வாழும் மீன்களுக்கு அது பேருதவி.

தனிமை துன்பமா?

இனி முதலில் தோன்றிய எண்ணத்துக்கு வருவோம். தனியாக இருக்கும் ஃபைட்டர் பாவமா?

மனிதர் கூடி வாழும் இனம். ஆகவே தனியாக இருப்பதைக் கண்டால் நமக்கு இரக்கம் வருகிறது. ரஸ்போராவும் கோரிடோராஸும் அப்படிப்பட்டவையே; அவற்றைத் தனியாக வைப்பதுதான் துன்பம். ஆனால் ஆண் ஃபைட்டர் இயற்கையிலேயே ஆளுக்கோர் எல்லை வகுத்துக்கொண்டு தனித்து வாழும் மீன். நல்ல நீர், செடிகள், போதிய இடம், அளவான தீனி இருந்தால் அது தனியாகவே நலமாக வாழும். அதற்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி, கிண்ணத்திலிருந்து எடுத்து நல்ல தொட்டிக்கு மாற்றுவதே. இடமும் நேரமும் குறைவாக உள்ளவர்கள் துணை சேர்க்காமல் இருப்பதே அறிவுடைமை.

ஏரியில் விடாதீர்கள்

துணையாக வாங்கிய மீன் ஒத்துவரவில்லை. சக்கர் மீன் தொட்டிக்கு மேல் வளர்ந்துவிட்டது. என்ன செய்வது? 'அம்பத்தூர் ஏரியிலோ செம்பரம்பாக்கம் ஏரியிலோ விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளுமே' என்று சிலர் நினைக்கிறார்கள். பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் தொல்லை! தென் அமெரிக்காவிலிருந்து வந்த சக்கர் மீன், சென்னை ஏரிகளிலும் தமிழ்நாட்டின் பிற நீர்நிலைகளிலும் பெருகி மீனவர் வலைகளில் சிக்குகிறது. எலும்புத் தகடு போர்த்த அதன் முரட்டு உடலால் வலை கிழிகிறது, வாங்குவாரும் இல்லை. நம் நாட்டு மீன்களின் உணவுக்கும் இடத்துக்கும் அது போட்டியாகிறது. குப்பானஸ் போன்ற சிறு மீன்களுக்கு இதனால் நேரும் கேட்டை எண்ணிப் பாருங்கள்.

வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அல்லது வளர்க்கத் தெரிந்த நண்பருக்குக் கொடுங்கள். வாங்கும் முன்பே நான்கு கேள்விகளைக் கேட்டிருந்தால் இந்தச் சங்கடம் பெரும்பாலும் வராது.

செய்து பாருங்கள்

1. ஒரே அளவான மூன்று புட்டிகளில் மழைநீர், குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகியவற்றைச் சம அளவு எடுங்கள். ஒவ்வொன்றிலும் சோப்புக் கரைசலை ஐந்து சொட்டு விட்டு, மூடிக் குலுக்குங்கள். எதில் நுரை மிகுதி? நுரை குறைந்தது கடின நீர். மென்மையான நீரை விரும்பும் மீன்களுக்கு உங்கள் வீட்டு நீர் ஏற்றதா என்று முடிவு செய்யுங்கள்.

2. ஃபைட்டர் 10 நிமிடத்தில் எத்தனை முறை காற்றை விழுங்குகிறது என்று எண்ணுங்கள். காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் நீரின் வெப்பத்தை வெப்பமானியால் அளந்து, இரண்டையும் ஒரு வாரம் அட்டவணையாக எழுதுங்கள். வெப்பம் கூடும்போது எண்ணிக்கை மாறுகிறதா?

விடை காணுங்கள்

1. 45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 24 செ.மீ. உயரத்துக்கு நீர் இருக்கிறது. அதில் எத்தனை லிட்டர்? ஃபைட்டருடன் துணை மீன்களைச் சேர்க்க அது போதுமா?

2. கோரிடோராஸும் ஃபைட்டரும் காற்றை விழுங்குகின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன?

3. குராமி, ஃபைட்டரின் உறவினராக இருந்தும் நல்ல துணை ஆகாதது ஏன்?